சட்டம் படித்த ஒருவரின் பாதை: கீத் எலிசன்

கீத் எலிசன் என்றதும் நம்மில் பலருக்கு ஒரு புகைப்படம்தான் நினைவுக்கு வரும். அமெரிக்க நாடாளுமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் முஸ்லிமான அவர், 2007 ஜனவரியில் குர்ஆன் மீது கை வைத்து உறுதிமொழி எடுத்த காட்சி அது. முன்னாள் ஜனாதிபதி தாமஸ் ஜெஃபர்சன் வைத்திருந்த ஆங்கில மொழிபெயர்ப்புப் பிரதி அது என்பதால் உலகமே அதைப் பேசியது. ஆனால் அந்த இடத்துக்கு அவர் வந்த வழியை நாம் அதிகம் பேசுவதில்லை.

1963இல் டெட்ராய்ட் நகரில், கத்தோலிக்கக் கறுப்பினக் குடும்பத்தில் பிறந்தார். கல்லூரிக் காலத்தில், 19 வயதில் இஸ்லாத்தைத் தழுவினார். 1990இல் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் சட்டப் பட்டம் பெற்று, பெரிய வழக்கறிஞர் நிறுவனம் ஒன்றில் மூன்றாண்டுகள் பணியாற்றினார். பிறகு அதை விட்டு, மினியாபொலிஸ் நகரில் வக்கீல் வைக்க வசதியில்லாதவர்களுக்காக வாதாடும் சட்ட உதவி மையத்தின் தலைமைப் பொறுப்பை ஏற்றார்.

நீதிமன்றத்தில் ஒரு வழக்கில் வென்றால் ஒருவர் விடுதலையாவார். ஆனால் அதே சட்டம் அடுத்தவரையும் அதே கூண்டில் ஏற்றும். சட்டத்தையே திருத்த வேண்டுமானால் சட்டமன்றத்துக்குத்தான் போக வேண்டும். 2002 தேர்தலில் எலிசன் மினசோட்டா மாநிலப் பிரதிநிதிகள் சபைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 134 பேர் கொண்ட அந்தச் சபையின் பதவிக்காலம் இரண்டே ஆண்டுகள். 2004இல் மக்கள் அவரை மீண்டும் தேர்ந்தெடுத்தார்கள். நாடாளுமன்றம் அதற்குப் பிறகுதான்.

2018இல் அவர் மினசோட்டாவின் அட்டர்னி ஜெனரல் தேர்தலில் வென்றார். இந்தியாவில் மாநிலத்தின் தலைமை வழக்கறிஞரை ஆளுநர் நியமிக்கிறார். அங்கே மக்களே வாக்களித்துத் தேர்ந்தெடுக்கிறார்கள். 2020 மே மாதம், மினியாபொலிஸ் தெருவில் ஜார்ஜ் ஃப்ளாய்ட் என்ற கறுப்பினத்தவரின் கழுத்தைப் போலீஸ்காரர் டெரக் சாவின் முழங்காலால் அழுத்திக் கொன்றபோது, அரசுத் தரப்பு வழக்கை நடத்தும் பொறுப்பு எலிசனிடம் வந்தது. 2021 ஏப்ரலில் சாவின் குற்றவாளி எனத் தீர்ப்பானது. தண்டனை இருபத்திரண்டரை ஆண்டுகள். ஏழைகளுக்காக வாதாடிப் பழகியவர், அதிகாரத்தில் இருந்தபோதும் எளியவரின் பக்கம் நின்றார்.

அவருடைய எல்லா அரசியல் நிலைப்பாடுகளையும் நாம் ஏற்க வேண்டியதில்லை. ஆனால் நீதியை நிலைநாட்டுவதை அல்லாஹ் நம்மீது கடமையாக்கியிருக்கிறான். அதற்குச் சட்டம் தெரிந்தவர்கள் சமுதாயத்தில் வேண்டும். ஒருவர் கைதானாலோ, வக்ஃப் சொத்தில் தகராறு வந்தாலோ நாம் வக்கீலைத் தேடி அலைகிறோம். ஆனால் பிள்ளை பன்னிரண்டாம் வகுப்பு முடித்ததும் மருத்துவம், பொறியியல் என்ற இரண்டைத் தாண்டி யோசிப்பதில்லை. இந்த ஆண்டு வீட்டில் அந்தப் பேச்சு வரும்போது, பெற்றோர்களே, மகனிடமும் மகளிடமும் சட்டப் படிப்பையும் சொல்லிப் பாருங்கள். நாளை ஓர் ஏழைக்காக நீதிமன்றத்தில் எழுந்து நிற்பவர் உங்கள் பிள்ளையாக இருக்கலாம், இன்ஷா அல்லாஹ்.