சூளையின் ஒளியும் சுகம் தரும் ஒளியும்

விருத்தாசலம் என்றவுடன் வெளியூரார்க்கு நினைவு வருவது பீங்கான். களிமண்ணைக் கூழாகக் கரைத்து, பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் அச்சில் வார்த்து, உலர்த்தி, பளபளப்பூட்டும் குழம்பில் தோய்த்துச் சூளையில் அடுக்குவதையே தொழிலாகக் கொண்ட குடும்பங்கள் இவ்வூரில் பல உண்டு. அத்தகைய குடும்பமொன்றில் தந்தைக்கு முழங்கையிலும் முழங்காலிலும் சிவந்த தடிப்புகள் தோன்றி, அவற்றின்மேல் வெள்ளிநிறச் செதில்கள் உதிரத் தொடங்குகின்றன என்று வைத்துக்கொள்வோம். மருத்துவர் பார்த்து, "இது சோரியாசிஸ், ஒளிச் சிகிச்சை செய்யலாம்" என்கிறார். உடனே அத்தொழிலாளியின் உள்ளத்தில் ஓர் ஐயம் எழுவது இயல்பே: "இருபது ஆண்டுகளாகச் சூளை வெளிச்சத்தின் முன்தானே நிற்கிறேன்! அந்த ஒளியால் ஆகாதது ஒரு விளக்கால் ஆகிவிடுமா?"

அறிவுள்ள கேள்வி அது. அதற்கு விடை காணுமுன் நோயைச் சற்று அறிந்துகொள்வோம்.

நம் சித்த மருத்துவர்கள் காளாஞ்சகப்படை என்று குறிப்பிடும் இந்நோய் தொற்றுநோயன்று. உடலைக் காக்க வேண்டிய எதிர்ப்பு ஆற்றலே தவறாகத் தூண்டப்பட்டுத் தோலை விரைவுபடுத்துகிறது. நலமுள்ள தோலில் புதிய அணு ஒன்று அடியில் தோன்றி மேலே வந்து உதிர்வதற்கு ஏறக்குறைய 28 நாட்கள் ஆகும். இந்நோயில் அதே பயணம் மூன்று முதல் ஐந்து நாட்களில் முடிந்துவிடுகிறது. முற்றாத அணுக்கள் ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிவதே நாம் காணும் செதில். கீறலோ சூடோ பட்ட இடத்தில் புதிய தடிப்பு எழும்புவதும் இந்நோயின் குணம். ஆகவே கையால் உழைப்போர்க்குத் தொல்லை அதிகம். சிலருக்கு மூட்டுகளும் வீங்கி வலிக்கும்.

ஆயினும் தடிப்பைவிடப் பெரிய துன்பம் ஒன்றுண்டு. அது பிறர் பார்வை. "குட்டமோ?" என்ற ஒரு சொல் தெருவில் கிளம்பிவிட்டால் போதும், தட்டு தனியாகும், பெண்ணுக்கு வந்த வரன் நின்றுபோகும். கோணான்குப்பம் பெரியநாயகி அன்னையின் திருவிழாவுக்கு ஊரே திரண்டு செல்லும்போது, அவர் மட்டும் முழுக்கைச் சட்டையோடு வீட்டிலேயே இருந்துவிடுவார்.

இந்தக் குழப்பம் இன்று நேற்று வந்ததன்று. லேவியர் நூல் 13-ஆம் அதிகாரத்தில், தோலில் தடிப்போ வெண்புள்ளியோ கண்டவனைக் குருவிடம் கொண்டுவரவும், அவனை ஏழு நாள் தனியே வைத்துச் சோதிக்கவும் விதிக்கப்பட்டிருப்பதை நாம் அறிவோம். அங்கே எபிரேய மூலத்தில் உள்ள சொல் இன்றைய தொழுநோயை மட்டும் குறிப்பதன்று என்பது விவிலிய அறிஞர் பலரின் கருத்து. பலவகைத் தோல் நோய்களுக்கும், ஏன், துணியிலும் சுவரிலும் படியும் பூசணத்துக்கும்கூட அதே சொல்தான் வருகிறது. பழைய கிரேக்க மொழிபெயர்ப்பு அதனை 'லெப்ரா' என்றது. கிரேக்க மருத்துவர்களோ செதில் உதிரும் படைக்கே அப்பெயரிட்டு வழங்கினர்! இவ்வாறு பெயர் ஒன்று கலந்ததால், செதில் நோயாளர் பலர் நூற்றாண்டுக் கணக்கில் தொழுநோயாளராக எண்ணி ஒதுக்கப்பட்டிருக்க வேண்டும். 1841-ஆம் ஆண்டில் வியன்னா நகர மருத்துவர் ஹெப்ரா இரண்டும் வேறு வேறு என்று பிரித்துக் காட்டினார். தொழுநோயே இன்று மருந்தால் முற்றிலும் குணமாகும்போது, தொற்றாத நோய்க்குத் தனித் தட்டு வைப்பது என்ன நியாயம்? உலக சுகாதாரப் பேரவையும் 2014-ஆம் ஆண்டு மே மாதம் இந்நோயைப் பற்றித் தனித் தீர்மானம் நிறைவேற்றி, நோயாளர் ஒதுக்கப்படும் கொடுமையைச் சுட்டிக்காட்டியது.

இனி, சூளைத் தொழிலாளியின் கேள்விக்கு வருவோம். சூளையிலிருந்து வருவது பெரும்பாலும் வெப்பக் கதிர். கண்ணுக்குத் தெரியும் செந்நிற ஒளியும் அதனோடு கலந்துள்ளது. நோயைத் தணிப்பதோ வானவில்லின் மறுகோடிக்கு அப்பால் உள்ள, கண்ணுக்குப் புலப்படாத புறஊதாக் கதிர். அது கதிரவனிடம் உண்டு, சூளையில் இல்லையென்றே சொல்லலாம். ஆகவே சூளை முன் நின்ற இருபது ஆண்டுகளும் சிகிச்சைக் கணக்கில் சேரா. சன்னல் கண்ணாடி வழியே வரும் வெயிலும் அவ்வளவாகப் பயன்படாது. வேண்டிய கதிரின் பெரும்பகுதியைக் கண்ணாடி தடுத்துவிடுகிறது.

ஒளியைக் கொண்டு தோல் நோயைக் குணப்படுத்தலாம் என்று காட்டி 1903-ஆம் ஆண்டின் நோபல் பரிசைப் பெற்றவர் டென்மார்க்கின் ஃபின்சன். அவர் கண்டது தோலில் வரும் காசநோய்க்கு. 1925-இல் அமெரிக்காவின் மேயோ மருத்துவமனையைச் சேர்ந்த கோக்கர்மன், நிலக்கரித் தாரைப் பூசிப் புறஊதா ஒளி காட்டிச் சோரியாசிஸைத் தணித்தார். நாற்றமும் கறையும் மிகுந்த முறையெனினும் பயன் தந்தது.

ஆனால் நாம் பெருமையோடு அறிய வேண்டிய கதை நாட்டு மருந்துக் கடையிலேயே தொடங்குகிறது. கார்போகரிசியை உங்களில் பலர் அறிவீர்கள். வெண்படைக்கு அவ்விதையைப் பூசி வெயிலில் நிற்கச் செய்வது இந்நாட்டின் பழைய வைத்தியம். 1933-இல் இந்திய வேதியியலார் அவ்விதையிலிருந்து ஒரு பொருளைப் பிரித்தெடுத்தனர். செடியின் இலத்தீன் பெயரையொட்டி அது 'சோரலென்' எனப்பட்டது. எகிப்து நாட்டிலும் வேறொரு செடியைக் கொண்டு இதே வைத்தியம் நடந்து வந்தது. 1940-களில் கெய்ரோவின் டாக்டர் எல் மோஃப்டி அதிலிருந்து எடுத்த மருந்தை ஆராய்ந்தார். முடிவில் 1974-ஆம் ஆண்டு, ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் பாரிஷ், ஃபிட்ஸ்பாட்ரிக் முதலியோர், சோரலென் இன மாத்திரை கொடுத்து இரண்டு மணி நேரம் கழித்துப் புறஊதா விளக்கின்முன் நிறுத்திச் சோரியாசிஸ் தணிவதை உலகுக்கு அறிவித்தனர். அந்த நால்வரில் பதக் என்ற இந்திய அறிஞரும் ஒருவர். இதுவே 'பூவா' சிகிச்சை. விளக்கில்லாத ஊர்களில் மாத்திரைக்குப்பின் அளவான வெயிலைக் கொள்ளும் முறையும் நம் நாட்டில் வழக்கமாயிற்று.

இதைப் படித்துவிட்டு யாரும் கார்போகரிசி எண்ணெயைப் பூசிக்கொண்டு மொட்டை மாடியில் போய்ப் படுத்துவிட வேண்டாம்! சோரலென் தோலை ஒளிக்கு மிக எளிதில் இரையாக்கும் பொருள். அளவு மீறினால் கொப்புளம் எழும்பித் தீப்பட்ட புண்ணாகிவிடும். அப்புண்ணிலேயே புதிய செதிலும் தோன்றும். மாத்திரை உண்டவர் அன்று முழுதும் கண்ணைக் காக்கும் கறுப்புக் கண்ணாடி அணிய வேண்டும். கருவுற்ற தாய்மார்க்கு இது ஆகாது. நூற்றுக்கணக்கான முறை பெற்ற வெள்ளைத் தோலினருக்குத் தோற்புற்று மிகுந்ததும் தெரியவந்துள்ளது.

ஆதலால் இப்போது பெரும்பாலும் மாத்திரையே வேண்டாத மற்றொரு முறையை மருத்துவர் மேற்கொள்கின்றனர். புறஊதாக் கதிரில் எந்தப் பகுதி நோயைத் தணிக்கிறது என்று 1980-களில் துல்லியமாக ஆராய்ந்தபோது, 311 நானோமீட்டர் அலைநீளத்தை ஒட்டிய குறுகிய பட்டையே சிறந்தது எனக் கண்டனர். அதை மட்டும் தரும் குழல் விளக்குகள் பொருத்திய, அலமாரி போன்ற அறைக்குள் நோயாளி கண்ணைக் காக்கும் கவசத்தோடு நிற்பார். முதல் நாள் சில நொடிகள் அல்லது ஓரிரு நிமிடங்களே. பிறகு படிப்படியாகக் கூட்டுவர். வாரம் இரண்டு மூன்று முறையாக, இருபது முப்பது முறை தேவைப்படும். இது தோல் அணுக்களின் அவசரப் பெருக்கத்தைத் தடுத்து, அங்கே கூடியுள்ள எதிர்ப்பு அணுக்களையும் அடக்குகிறது. கருவுற்றோர்க்கும் மருத்துவர் பார்வையில் தரலாம். உள்ளங்கை, பாதங்களுக்கென்று சிறிய பெட்டி விளக்குகளும் உள்ளன. முடி மறைப்பதால் தலையில் அவ்வளவாகப் பயன்படாது, மூட்டு வலியையும் தீர்க்காது. தணிந்தது சில மாதங்களில் திரும்பவும் வரலாம். "அடியோடு ஒழிப்பேன்" என்று விளம்பரம் செய்வோரை நம்பி, பெயர் தெரியாத மாத்திரை உண்போர் எச்சரிக்கையாயிருக்க வேண்டும். அதில் ஸ்டீராய்டு கலந்திருந்து திடீரென நிறுத்தினால் உடல் முழுதும் நோய் சீறி எழக்கூடும்.

சூளையில் அடுக்கியவர்க்கு இதைப் புரியவைப்பது எளிது. வெப்பம் குறைந்தால் மண் வேகாது, மிகுந்தால் பாண்டம் கோணிவிடும். ஒளியும் அப்படியே.

உண்மையான இடர்ப்பாடு வேறு. புதுச்சேரி ஜிப்மர் போன்ற பெரிய மருத்துவமனைக்கு விருத்தாசலத்திலிருந்து போய்வர ஒரு நாள் கழிந்துவிடும். வாரம் மும்முறை என்றால் பாதி வாரக் கூலி போயிற்று. நான்கு முறை சென்றபின் பலர் நின்றுவிடுவதற்குக் காரணம் அசட்டை மட்டுமன்று. எனவே தொடங்குமுன்னரே மருத்துவரிடம் வீட்டு நிலையை வெளிப்படையாகச் சொல்லுங்கள். வாரம் இருமுறை போதுமா, அருகில் விளக்குள்ள மருத்துவமனை எது, களிம்பாலேயே தணியக்கூடிய அளவா என்று கேளுங்கள். முதலாளியிடமும் நாட்களை முன்கூட்டியே பேசி, வேலை நேரத்தை மாற்றிக்கொள்ள வழியுண்டா என்று பாருங்கள்.

மருத்துவமனையில் ஒவ்வொரு முறையும் தந்த ஒளியின் அளவை ஓர் அட்டையில் குறித்துத் தருவார்கள். அதைக் கையோடு கொண்டு செல்லுங்கள். இடையில் இரண்டு மூன்று வாரம் தவறியிருந்தால் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தால் தோல் கருகும். அளவைக் குறைத்தே மீண்டும் தொடங்குவார்கள்.