கமாலியேல் காட்டிய வழி: பல்கலைக்கழகங்களும் எதிர்ப்புக் குரல்களும்



திருத்தூதர் பணிகள் 5ஆம் அதிகாரத்தில் தலைமைச் சங்கம் சினத்தால் கொதிக்கிறது. தடையை மீறிப் போதித்த திருத்தூதர்களைக் கொன்றுவிடத் துடிக்கிறது. அப்போது ஓர் ஆசிரியர் எழுகிறார். அவர்தான் கமாலியேல், பின்னாளில் பவுலடியாராகிய சவுலுக்குத் திருச்சட்டம் கற்பித்தவர். அவசரப்பட வேண்டாம், இது மனிதரிடமிருந்து வந்ததா கடவுளிடமிருந்து வந்ததா என்பதைக் காலம் காட்டும் என்பதே அவரது அறிவுரை. கற்பிப்பவரிடம் நாம் எதிர்பார்ப்பது இந்தப் பொறுமையைத்தான். நம் காலப் பல்கலைக்கழகங்களிடம் இது இருக்கிறதா?

நியூயார்க் நகரின் கொலம்பியா பல்கலைக்கழகத்தைப் பார்ப்போம். 1968 ஏப்ரலில் வியட்நாம் போரையும், அருகிலுள்ள ஹார்லெம் மக்களின் பூங்காவில் உடற்பயிற்சிக் கூடம் கட்டும் திட்டத்தையும் எதிர்த்து மாணவர்கள் கட்டடங்களைக் கைப்பற்றினர். காவல்துறை நுழைந்து சுமார் 700 பேரைக் கைது செய்தது. பலர் காயமுற்றனர். அந்தக் கசப்பான பாடத்திலிருந்து பிறந்ததே 1969ல் உருவான பல்கலைக்கழக செனட். காவல்துறையை அழைக்கும் முன் அதன் செயற்குழுவைக் கலந்தாலோசிக்க வேண்டும் என்பதும் விதியானது.

காசா போரை எதிர்த்து 2024 ஏப்ரல் 17ல் அதே வளாகத்தில் மாணவர்கள் கூடாரமிட்டனர். இஸ்ரயேலுடன் தொடர்புள்ள நிறுவனங்களிலிருந்து பல்கலைக்கழகம் தன் முதலீடுகளைத் திரும்பப் பெறவேண்டும் என்பது அவர்கள் கோரிக்கை. செயற்குழு இணங்காதபோதும் மறுநாளே காவல்துறை அழைக்கப்பட்டது. 100க்கும் மேற்பட்டோர் கைதாயினர். கூடாரங்கள் மறைந்தனவா? இல்லை. சில நாள்களில் நாடெங்கும் பல வளாகங்களில் அவை முளைத்தன. ஏப்ரல் 30 அதிகாலையில் சிலர் ஹாமில்டன் மண்டபத்தைக் கைப்பற்ற, அன்றிரவு காவல்துறை மீண்டும் வந்தது. ஆகஸ்டில் பல்கலைக்கழகத் தலைவர் பதவி விலகினார்.

நிர்வாகங்களின் சுமையையும் நாம் மறுக்கலாகாது. வளாகத்தில் தங்களுக்குப் பாதுகாப்பில்லை என்று யூத மாணவர்கள் பலர் அஞ்சினர். அவர்களைக் காப்பதும் பல்கலைக்கழகத்தின் கடமையே. கண்ணாடியை உடைத்துக் கட்டடத்திற்குள் நுழைவதை அமைதிப் போராட்டம் என்று சொல்ல முடியாது. ஆனால் வன்முறையைத் தடுப்பது வேறு, கருத்தை அடக்குவது வேறு.

வேறு வழியும் இருந்தது. பிரவுன் பல்கலைக்கழகத்தில் 2023 டிசம்பரில் உள்ளிருப்புப் போராட்டம் நடத்திய 41 மாணவர்கள் கைதாகியிருந்தனர். ஆனால் 2024 ஏப்ரல் 30ல் நிர்வாகம் பேச்சுவார்த்தை நடத்தி ஓர் உடன்பாட்டுக்கு வந்தது. மாணவர்கள் கூடாரங்களை அகற்றினர். அவர்கள் கோரிக்கையை நிர்வாகக் குழு அக்டோபரில் வாக்கெடுப்புக்கு விடும் என்பது ஒப்பந்தம். வாக்கெடுப்பு நடந்தது. கோரிக்கை நிராகரிக்கப்பட்டது. மாணவர்கள் கேட்டது கிடைக்கவில்லை. ஆனால் அவர்கள் குரல் முறைப்படி கேட்கப்பட்டது. செவிமடுப்பது என்றால் எல்லாவற்றுக்கும் இணங்குவது அல்ல என்பதற்கு இது சான்று.

கல்விப் பணியாளர்களின் நிலையையும் சிந்திப்போம். கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் கற்பித்தல் உதவியாளர்கள், ஆய்வாளர்கள் என சுமார் 48,000 பேர் 2024ல் ஒரே தொழிற்சங்கத்தில் இருந்தனர். 2024 ஏப்ரல் 30 இரவு லாஸ் ஏஞ்சலஸ் வளாகத்தில் போராட்டக்காரர்களை ஒரு கும்பல் தாக்கியது. காவல்துறை தலையிடுவதற்குள் பல மணி நேரம் கடந்துவிட்டது. ஆனால் மே 2ல் தாக்கப்பட்டவர்களின் கூடாரங்களே கலைக்கப்பட்டு, 200க்கும் மேற்பட்டோர் கைதாயினர். தங்கள் உறுப்பினர்களின் பேச்சுரிமை மீறப்பட்டதாகச் சொல்லி, மே 20 முதல் தொழிற்சங்கம் படிப்படியாக வேலைநிறுத்தத்தில் இறங்கியது. ஒப்பந்தத்தில் வேலைநிறுத்தத் தடை இருப்பதாகப் பல்கலைக்கழகம் வாதிட்டது. மாநிலத் தொழிலுறவு வாரியம் தடைவிதிக்க மறுத்தது. பின்னர் ஜூன் 7ல் ஒரு நீதிமன்றம் வேலைநிறுத்தத்தை நிறுத்திவைத்தது. பேசித் தீர்க்க வேண்டியது வழக்காடுமன்றத்தில் முடங்கியது.

திருச்சபையின் போதனை இங்கே நமக்கு வழிகாட்டுகிறது. திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் 1981ல் மனித உழைப்பு பற்றி எழுதிய சுற்றுமடலில், உரிய நிபந்தனைகளுக்கும் நியாயமான வரம்புகளுக்கும் உட்பட்ட வேலைநிறுத்தம் முறையானதே என்றார். அதில் பங்கேற்பதற்காகத் தொழிலாளர் தண்டிக்கப்படலாகாது என்றும், அதைப் பிற நோக்கங்களுக்குத் தவறாகப் பயன்படுத்தலாகாது என்றும் எச்சரித்தார். எச்சரிக்கை இருதரப்புக்கும் உரியது.

கமாலியேலின் கதைக்குத் திரும்புவோம். சங்கம் அவர் சொல்லை ஏற்றது. ஆனாலும் திருத்தூதர்களை அடித்த பிறகே விடுவித்தது. பாதி மனத்தோடு கேட்பவர் செய்வது இதுதான். நம் பள்ளிகளிலும், பங்குப் பேரவைகளிலும், இல்லங்களிலும் இளையோர் ஏன் என்று கேட்கும்போது நாம் என்ன செய்கிறோம்? முழுமையாகக் கேட்கிறோமா, அல்லது அடித்துவிட்டு அனுப்புகிறோமா?

ஆண்டவரே, தீர்ப்பிடும் முன் செவிமடுக்கும் உள்ளத்தை எங்களுக்குத் தாரும். ஆமென்.