அலைகளை ஆளும் மையம்

நுழையும்முன்

ஒரு வீட்டுக்குத் தேவையான அருகலையை ஒரு சிறு கருவியே வழங்கிவிடும். கல்லூரி, மருத்துவமனை, தொழிற்பூங்கா போன்ற பெரிய வளாகங்களுக்கோ அத்தகைய கருவிகள் நூற்றுக்கணக்கில் தேவைப்படுகின்றன. அவை அனைத்தையும் ஓரிடத்திலிருந்து ஆளும் முறை இன்று உலகெங்கும் பரவியுள்ளது. அம்முறையின் இயக்கத்தையும் அதனை ஆள்வோரின் கடமையையும் இப்பாடம் விளக்குகிறது.

ஏரி காட்டும் வழி

செங்கல்பட்டு வட்டாரம் ஏரிகளால் பெயர் பெற்றது. கொளவாய் ஏரியும் மதுராந்தகம் ஏரியும் அவற்றுள் புகழ்பெற்றவை. ஏரிநீர் மடைகளின் வழியே வயல்களை அடைகிறது. ஒவ்வொரு மடையையும் அவரவர் விரும்பியபோது திறந்தால் தலைமடை வயல் நிறையும்; கடைமடை வயல் காயும். எனவே, மடைகள் பலவாயினும் அவற்றைத் திறக்கும் முடிவு ஒன்றாக இருத்தல் வேண்டும் என்பதை நம் முன்னோர் உணர்ந்திருந்தனர். பழைய செங்கல்பட்டு மாவட்டத்தில் அடங்கியிருந்த உத்திரமேரூரின் கல்வெட்டுகள், முதலாம் பராந்தக சோழன் காலத்தில் ஏரி வாரியம் என்னும் தனிக்குழு இயங்கியதைக் கூறுகின்றன. அவை கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளைச் சேர்ந்தவை.

கம்பியில்லா வலையமைப்பும் இத்தகையதே. இங்கே பகிர்ந்துகொள்ளப்படும் பொதுச்சொத்து வானலை. அதனைப் பயனருக்குத் திறந்துவிடும் மடை, சுவரிலோ கூரையிலோ பொருத்தப்படும் அணுகுமுனை. அணுகுமுனைகள் அனைத்துக்கும் ஆணை தரும் அமைப்பே மையக் கட்டுப்படுத்தி.

தனித்தியங்கும் முனைகளின் இடர்

இந்தியாவில் 2.4 கிகாஹெர்ட்ஸ் பட்டையை உரிமம் இன்றி அருகலைக்குப் பயன்படுத்த 2005ஆம் ஆண்டில் வழிவகுக்கப்பட்டது. இப்பட்டையில் 13 தடங்கள் உள்ளன. ஆயினும், அடுத்தடுத்த தடங்களுக்கு இடையே உள்ள தொலைவு 5 மெகாஹெர்ட்ஸ் மட்டுமே. ஓர் அணுகுமுனை இயங்கவோ ஏறத்தாழ 20 மெகாஹெர்ட்ஸ் அகலம் வேண்டும். ஆகையால், ஒன்றன்மேல் ஒன்று படியாத தடங்களாக 1, 6, 11 ஆகிய மூன்றையே பெரும்பாலும் பயன்படுத்துகின்றனர். 2018ஆம் ஆண்டில் 5 கிகாஹெர்ட்ஸ் பட்டையில் கூடுதல் இடம் திறந்துவிடப்பட்டதால் நெருக்கடி குறைந்தது; முற்றிலும் நீங்கிவிடவில்லை.

அருகலைக் கருவிகள், பேசுமுன் செவிமடுக்கும் ஒழுங்கைப் பின்பற்றுகின்றன. ஒரே தடத்தில் ஒரு கருவி பேசும்போது மற்றவை காத்திருக்கும். அடுத்தடுத்த அறைகளில் உள்ள பத்து முனைகளும் ஒரே தடத்தைத் தேர்ந்தெடுத்தால், பத்து முனைகள் இருந்தும் பயன் ஒன்றின் அளவே கிட்டும். வேகம் குறைந்ததைக் கண்டு மேலும் சில முனைகளைப் பொருத்தினால் நெரிசல் மிகுமேயன்றிக் குறையாது.

அலைத்திறனைக் கூட்டுவதும் தீர்வாகாது. முனையின் குரல் தொலைவிலுள்ள திறன்பேசிக்குக் கேட்கலாம். சிறு மின்கலத்தால் இயங்கும் திறன்பேசியின் மெல்லிய குரல் முனைக்குக் கேட்க வேண்டுமே! அடையாளக் குறியில் கோடுகள் நிறைந்திருந்தும் பக்கம் திறவாமைக்கு இதுவும் ஒரு காரணம்.

மையம் செய்யும் பணி

கட்டுப்படுத்தியும் அணுகுமுனைகளும் உரையாடுவதற்கான கேப்வாப் என்னும் பொதுநெறி 2009ஆம் ஆண்டில் வெளியிடப்பட்டது. இதன்படி, ஆணைகள் ஒரு வழியிலும் பயனரின் தரவு மற்றொரு வழியிலும் செல்கின்றன. ஆணை செல்லும் வழி மறைகுறியாக்கத்தால் காக்கப்படுகிறது.

புதிய முனை ஒன்று வலையமைப்பில் இணைக்கப்பட்டதும், அது முதலில் தன் கட்டுப்படுத்தியைத் தேடுகிறது. இரண்டும் தத்தம் எண்முறைச் சான்றிதழ்களைக் காட்டி ஒன்றையொன்று உறுதிசெய்துகொள்கின்றன. பின்னர்த் தடம், அலைத்திறன், வலையமைப்பின் பெயர், பாதுகாப்பு விதிகள் ஆகிய அனைத்தையும் முனை மையத்திலிருந்து பெறுகிறது. நூறு முனைகளின் அமைப்பை மாற்ற நூறு முறை ஏணி ஏற வேண்டியதில்லை.

இத்தகைய மைய ஆளுகை நாடளாவிய அளவிலும் பயன்படுகிறது. ரெயில்டெல் நிறுவனம் 2016ஆம் ஆண்டு ஜனவரியில் மும்பை சென்ட்ரலில் தொடங்கிய தொடர்வண்டி நிலைய அருகலைச் சேவை, பின்னர் 6000க்கும் மேற்பட்ட நிலையங்களுக்கு விரிந்தது. பயணி தம் கைப்பேசி எண்ணுக்கு வரும் ஒருமுறைக் கடவுச்சொல்லைக் கொண்டு எந்த நிலையத்திலும் ஒரே முறையில் இச்சேவையில் நுழைகிறார்.

அமைக்கும் முறை

முதற்பணி கள ஆய்வு. கட்டட வரைபடத்துடன் வளாகம் முழுவதும் நடந்து, அலையின் வலிமையை இடந்தோறும் அளந்த பின்னரே முனைகளின் இடம் முடிவு செய்யப்படும்.

இரண்டாம் பணி பயனரை வகைப்படுத்தல். ஒரு மருத்துவமனையில் நோயாளியைக் கண்காணிக்கும் கருவியும் பார்வையாளரின் திறன்பேசியும் ஒரே வழியில் செல்லலாகாது. வெவ்வேறு பிரிவினர்க்கு வெவ்வேறு உள்வலைகள் ஒதுக்கப்படும். பணியாளர் அனைவர்க்கும் பொதுவான ஒரே கடவுச்சொல்லைத் தருவதைவிட, ஒவ்வொருவர்க்கும் தனி நுழைவுரிமை தருவது பாதுகாப்பானது. ஒருவர் பணியிலிருந்து விலகினால் அவருடைய உரிமையை மட்டும் நீக்கினால் போதும்.

மூன்றாம் பணி தடமும் திறனும் ஒதுக்குதல். அண்டை முனைகளின் குரலை ஒவ்வொரு முனையும் கேட்டு மையத்துக்கு அறிவிக்கும். மையம் அவற்றை ஒப்பிட்டு, அருகருகே உள்ளவற்றுக்கு வெவ்வேறு தடங்களை வகுக்கும். நடந்துகொண்டே பேசும் பயனரின் திறன்பேசி, ஒரு முனையிலிருந்து மற்றொன்றுக்கு எப்போது மாறுவது என்பதைப் பெரும்பாலும் தானே முடிவு செய்கிறது. மாற்றம் தடையின்றி நிகழுமாறு மையம் முன்னேற்பாடு செய்து வைக்கும்.

நான்காம் பணி பராமரிப்பு. முனைகளின் மென்பொருளைப் புதுப்பிக்கும்போது முதலில் சில முனைகளில் மட்டும் சோதித்து, பின்னரே அனைத்துக்கும் விரிவாக்க வேண்டும். மையத்தில் இடப்படும் பிழையான ஓர் ஆணை, ஒரே நொடியில் வளாகம் முழுவதையும் முடக்கிவிடும். வேலையை எளிதாக்கும் மையமே பிழையையும் பெருக்கவல்லது.

கல்லும் கூட்டமும் உப்புக்காற்றும்

நூல்களில் காணும் நெறி, நிலத்துக்கு ஏற்பத் திருத்தம் பெறுகிறது. தடித்த கருங்கற் சுவர்கள் அலையின் வலிமையைக் குறைக்கும். மாமல்லபுரம் போன்ற கடலோரப் பகுதிகளில் வெளிப்புறத்தே பொருத்தும் கருவிகளின் ஆணிகளையும் இணைப்புகளையும் உப்புக்காற்று அரிக்கும். அதனைத் தாங்கும் உறையும் முறையான பரிசோதனையும் அங்கே இன்றியமையாதவை.

மனித உடலில் நீர் மிகுதி. ஆதலால் மக்கள் கூட்டமும் அலையை உறிஞ்சுகிறது. வெற்று அரங்கில் நன்கு இயங்கிய அமைப்பு, நிறைந்த அரங்கில் தடுமாறுவது இதனால்தான். மாமல்லபுரத்தை அடுத்த பூஞ்சேரியில் 2022 ஜூலை 28 முதல் ஆகஸ்ட் 10 வரை நடைபெற்ற 44ஆவது சதுரங்க ஒலிம்பியாடு போன்ற பெருநிகழ்வுகளில் பல நாட்டு வீரர்கள் ஓரிடத்தில் கூடுகின்றனர். அத்தகைய கூட்டத்தை எண்ணியே முனைகளின் எண்ணிக்கையைத் திட்டமிடல் வேண்டும்.

மையம் துண்டிக்கப்படும்போது

2022 டிசம்பர் 9 இரவில் மாண்டஸ் புயல் மாமல்லபுரத்தை ஒட்டிக் கரையைக் கடந்தது. புயற்காலத்தில் மரங்கள் சாயும்; மின்சாரம் தடைப்படும்; கம்பி இணைப்புகள் அறும். கட்டுப்படுத்தி தொலைவிலுள்ள நகரத்தில் இருக்க, கடலோர மருத்துவமனையின் முனைகள் அதனோடு தொடர்பிழந்தால் நேர்வது யாது?

விடை, அமைப்பவர் முன்கூட்டியே எடுத்த முடிவைப் பொறுத்தது. பயனரின் தரவு முழுவதும் மையத்துக்குச் சென்று மீளுமாறு அமைத்திருந்தால், தொடர்பு அறுந்ததும் ஒரே கட்டடத்தில் உள்ள இரு கருவிகள்கூட ஒன்றோடொன்று பேச இயலாது. தரவு உள்ளூரிலேயே பிரிந்து செல்லுமாறு அமைத்திருந்தால், முனைகள் இறுதியாகப் பெற்ற ஆணைகளைக் கொண்டு தொடர்ந்து இயங்கும். நுழைவுரிமையைச் சரிபார்க்கும் வழங்கியும் தொலைவில் இருப்பின், புதிதாக வருவோர் உள்ளே நுழைய முடியாது. எனவே, அதற்கு மாற்றான ஏற்பாடு உள்ளூரில் இருத்தல் வேண்டும். முனைகளுக்கு மின்சாரம் தரும் இணைப்புக் கருவிக்கும் மின்கலத் துணை தேவை. புயலுக்கு முன்னரே மைய இணைப்பைச் சற்று நேரம் துண்டித்துப் பார்த்தால் இவற்றின் குறை புலப்படும்.

கணக்குக் காட்டும் கடமை

மையம் ஆணையிடுவதோடு அனைத்தையும் காணவும் செய்கிறது. எந்தத் திறன்பேசி, எந்நேரத்தில், எந்த அறையருகே இருந்தது என்பது அதன் பதிவேட்டில் சேர்கிறது. பழுதைக் கண்டறிய உதவும் இதே பதிவேடு, ஒரு மாணவரின் அல்லது ஊழியரின் நடமாட்டத்தை வேவு பார்க்கவும் பயன்படக்கூடும். தனிமனிதர் பற்றிய எண்முறைத் தரவைக் கையாள்வோரின் பொறுப்பை வரையறுத்து இந்திய நாடாளுமன்றம் 2023ஆம் ஆண்டில் சட்டம் இயற்றியுள்ளது. தேவையான அளவே திரட்டுதல், தேவை முடிந்ததும் அழித்தல், யார் எதைப் பார்த்தார் என்பதையும் பதிவு செய்தல் ஆகியவை நல்ல ஆளுகையின் இலக்கணங்கள்.

வாரியத்தில் பணியாற்றிக் கணக்குக் காட்டாதவர் மீண்டும் வாரிய உறுப்பினராக இயலாது என உத்திரமேரூர்க் கல்வெட்டு விதிக்கிறது. அவருடைய நெருங்கிய உறவினர்க்கும் அத்தடை பொருந்தும். பொதுநீரை ஆண்டோர்க்கு விதித்த அந்நெறி, பொது அலையை ஆள்வோர்க்கும் உரியது. மையத்துக்கு அதிகாரம் வழங்கும் வளாகம் இரண்டைக் கேட்டுப் பெறல் வேண்டும்: மையம் அறுந்த நாளிலும் சேவை தொடர்வதற்கான ஏற்பாடு, மையம் இயங்கும் நாள்தோறும் அதன் செயலுக்கான கணக்கு.