ரிப்போர்ட் தாமதமானால் கெட்ட செய்தியா?

மாதவிலக்கு நின்று ஏழெட்டு வருடம் ஆன அம்மாவுக்குத் திடீரென்று ஒரு நாள் ரத்தம் படுகிறது. பெரும்பாலான அம்மாக்கள் இதை உடனே வாய்விட்டுச் சொல்வதில்லை. உடம்புச் சூடு என்று நினைத்து வெந்தயத்தை ஊறவைத்துக் குடித்துப் பார்த்துவிட்டு, மறுபடியும் பட்ட பிறகுதான் மகளிடம் மட்டும் மெதுவாகச் சொல்வார்கள். அப்புறம் டாக்டர், ஸ்கேன், கர்ப்பப்பையின் உள்சுவரிலிருந்து சின்னத் துணுக்கு எடுத்து பயாப்ஸி. "ரிப்போர்ட் வர ஒரு வாரம் ஆகும்" என்று சொல்லி அனுப்பிவிடுகிறார்கள். வீட்டைப் போட்டு ஆட்டுவது அந்த ஒரு வாரம்தான்.

முதலில் தெரிந்துகொள்ள வேண்டிய கணக்கு இது: மாதவிலக்கு நின்றபின் ரத்தம் படும் பெண்களில், பத்துப் பேரில் ஏறத்தாழ ஒன்பது பேருக்குப் புற்றுநோய் இருப்பதில்லை. ஈஸ்ட்ரோஜன் குறைந்து உள்சுவர் மெலிந்து வறண்டுபோயிருக்கும். அல்லது பாலிப் என்கிற சிறு சதை வளர்ந்திருக்கும். சிலருக்குச் சாப்பிடும் மாத்திரையே காரணமாக இருக்கும். மிச்சமுள்ள அந்த ஒருவரைத் தவறவிடக் கூடாது என்பதற்காகத்தான் சோதனை. அவருக்கும் கைவிரிக்கிற நிலை இல்லை. கர்ப்பப்பை உள்சுவர்ப் புற்றுநோய் ரத்தப்போக்காக வெளியே காட்டிக்கொடுத்துவிடுவதால், பெரும்பாலும் ஆரம்ப நிலையிலேயே பிடிபடுகிறது. பலருக்குக் கர்ப்பப்பையை எடுப்பதோடு சிகிச்சை முடிந்துவிடுகிறது.

ஸ்கேனில் உள்சுவரின் தடிமன் 4 மில்லிமீட்டரோ அதற்குக் குறைவாகவோ இருந்தால், புற்றுநோய்க்கான வாய்ப்பு நூற்றில் ஒன்றைவிடக் குறைவு. அதற்கு மேலே போனால் புற்றுநோய் என்று அர்த்தமில்லை, துணுக்கு எடுத்துப் பார்க்க வேண்டும் என்று மட்டுமே அர்த்தம். ஸ்கேன் ரிப்போர்ட்டில் 9 என்று பார்த்த நிமிடமே அழத் தொடங்கும் பிள்ளைகள் உண்டு. அந்த எண்ணால் மட்டும் எதையும் முடிவு செய்ய முடியாது.

ஏன் இத்தனை நாள்? எடுத்த துணுக்கு முதலில் ஃபார்மலினில் ஊற வேண்டும். பிறகு அதிலுள்ள நீரைப் படிப்படியாக நீக்கி மெழுகில் புதைக்கிறார்கள். பெரும்பாலும் இது இரவு முழுக்க இயந்திரத்தில் நடக்கிற வேலை. மெழுகுக் கட்டியை ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் சில பங்கு கனத்துக்குச் சீவி, கண்ணாடித் தகட்டில் ஒட்டி, சாயம் ஏற்றிய பிறகே நோய்க்கூறியல் மருத்துவர் மைக்ராஸ்கோப்பில் பார்க்க முடியும். சந்தேகம் இருந்தால் அதே கட்டியிலிருந்து இன்னும் சீவச் சொல்வார், வேறு சாயம் கேட்பார், இன்னொரு மருத்துவரிடம் காட்டுவார். ஒவ்வொன்றுக்கும் ஓரிரண்டு நாள் கூடும். துணுக்கு போதவில்லை, மறுபடியும் எடுக்க வேண்டும் என்று கூப்பிடுவதும் உண்டு. இவை எதுவுமே ஒளித்துவைத்த கெட்ட செய்தி அல்ல. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை என்றால் இன்னொரு காரணமும் சேரும்: அம்மாவைப் பார்த்த யூனிட்டுக்கு வாரத்தில் குறிப்பிட்ட நாளில்தான் ஓ.பி. இருக்கும். ரிப்போர்ட் மறுநாள் வந்தால் அடுத்த வாரம்தான் காட்ட முடியும்.

சூலகத்தில் கட்டி என்று சந்தேகித்து 'சிஏ 125' ரத்தப் பரிசோதனை எழுதியிருந்தால், அதில் 35க்கு மேல் போனதும் பதற்றம் வரும். எண்டோமெட்ரியோசிஸ், நார்க்கட்டி, ஈரல் நோய், வயிற்றுக் காசநோய் ஆகியவற்றிலும் அது ஏறும். நம் நாட்டில் காசநோயை மறந்துவிட்டு இந்த எண்ணைப் படிக்கவே கூடாது.

தெரியாமல் இருப்பது உடம்பையே வருத்துகிறது. 2009இல் அமெரிக்காவில் எல்விரா லாங் குழுவினர், மார்பகப் பயாப்ஸி செய்துகொண்ட பெண்களின் எச்சிலில் கார்ட்டிசால் என்ற மன அழுத்த ஹார்மோனை அளந்தார்கள். ஐந்து நாளாகியும் முடிவு தெரியாமல் இருந்தவர்களின் ஹார்மோன் போக்கு, புற்றுநோய் என்று உறுதியானவர்களுடையதைப் போலவே இருந்தது. ஆகவே "சும்மா பயப்படாதே" என்ற அதட்டலில் பயனில்லை. காத்திருப்பைப் பற்றியே பல ஆண்டுகளாக ஆராய்ந்துவரும் கேட் ஸ்வீனி என்ற உளவியலாளர், கவலையை அடக்க மனிதர்கள் செய்யும் முயற்சிகள் பெரும்பாலும் பலிப்பதில்லை என்று கண்டார். மனம் முழுதாக இறங்கிவிடுகிற வேலையோ கொஞ்சம் உதவுகிறது. டிவியை ஓடவிட்டுவிட்டு உட்கார்ந்திருப்பது அந்த வகையில் சேராது. தையல், பூக்கட்டுதல், கோலம், பேரனுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தல் என்று கையும் கண்ணும் சேர்ந்து ஓடுகிற வேலையாக இருக்க வேண்டும். அம்மாவை நாற்காலியில் உட்காரவைத்து எல்லா வேலையையும் பிடுங்கிக்கொள்வது அன்புதான், ஆனால் அவருக்கு அது தண்டனை.

இனி, நம் வீடுகளில் அடிக்கடி நடக்கிற ஒன்று. ஆய்வக கவுன்டரில் ரிப்போர்ட்டை மகன் வாங்குவார், தனியாகப் போய் டாக்டரைப் பார்ப்பார், "அம்மாவுக்குத் தெரிய வேண்டாம்" என்பார். பல டாக்டர்களும் தலையாட்டிவிடுகிறார்கள். இது தவறு என்பது என் கருத்து. உடம்பு அவருடையது, ரிப்போர்ட்டும் அவருடையது. வீட்டில் பேச்சு தாழ்ந்தாலே அவர் ஊகித்துவிடுவார், அந்த ஊகம் உண்மையைவிட மோசமாக இருக்கும். எவ்வளவு தெரிய வேண்டும் என்பதை அவரிடமே கேளுங்கள்: "ரிப்போர்ட் வந்ததும் டாக்டர் உங்கிட்டயே சொல்லட்டுமாம்மா, இல்ல நான் கேட்டுட்டு வந்து சொல்லட்டுமா?" சிலர் "நீயே பார்த்துக்கோ" என்பார்கள். அது அவர் எடுத்த முடிவு.

பீரோ சாவி இருக்கும் இடத்தையும், கூட்டுறவு வங்கியில் வைத்த நகையை மீட்க வேண்டிய தேதியையும் அவர் திடீரென்று சொல்லத் தொடங்கினால், "சும்மா இரும்மா, அபசகுனமா" என்று வாயை அடைக்காதீர்கள். பத்து நிமிடம் உட்கார்ந்து கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். சொல்லி முடித்தவர் பெரும்பாலும் அன்றிரவு தூங்கிவிடுவார்.

சொந்தக்காரர்களின் போனை ஒரே ஆள் எடுக்கட்டும். எதிர்வீட்டு அத்தைக்கும் இதே மாதிரிதான் ஆரம்பித்தது என்ற கதை அம்மாவின் காதுக்குப் போக வேண்டாம். ரிப்போர்ட் இரவு பத்து மணிக்கு வாட்ஸாப்பில் வந்தால், டாக்டரைப் பார்க்கும்வரை திறக்காமல் இருக்க முடிந்தால் நல்லது. முடியாவிட்டால் வார்த்தை வார்த்தையாக கூகுளில் போட்டுத் தேடாமலாவது இருங்கள்.

உங்களுக்கே நெஞ்சு அடைத்துத் தூக்கம் போய்விட்டால், அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண் 14416. கட்டணமில்லை, தமிழிலும் பேசலாம்.

பயாப்ஸிக்குப் பின் இரண்டு மூன்று நாள் லேசான வலியும் திட்டுத்திட்டாக ரத்தமும் இயல்பு. காய்ச்சல், துர்நாற்றம், தாங்க முடியாத வயிற்றுவலி, ஒரு மணி நேரத்தில் ஒரு நாப்கின் நனைகிற அளவு ரத்தம் என்றால், ரிப்போர்ட்டுக்காகக் காத்திராமல் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

தாமதம் கெட்ட செய்தி இல்லை என்றால், மௌனம் நல்ல செய்தியும் இல்லை. துணுக்கு எடுத்த அன்றே பயாப்ஸி எண்ணையும், ரிப்போர்ட் வரும் தேதியையும், கேட்க வேண்டிய தொலைபேசி எண்ணையும் எழுதி வாங்குங்கள். தேதி தாண்டினால் நீங்களே கூப்பிடுங்கள். ரிப்போர்ட்டுகள் தொலைந்துபோவதும் உண்டு. எல்லாம் நார்மல் என்று வந்து, சில மாதம் கழித்து மறுபடியும் ரத்தம் பட்டால், பழைய ரிப்போர்ட்டைக் காட்டிச் சமாதானம் ஆகிவிடாமல் அம்மாவை மீண்டும் டாக்டரிடம் அழைத்துப் போங்கள்.