கலை தேடி வந்த வேற்றுலகத்தார்: ‘கலை அரசி’யின் நிறையும் குறையும்

விண்ணிலே பறப்பதும் வேற்றுலகங் காண்பதும் தமிழர் கற்பனைக்குப் புதியனவல்ல. இராவணனது புட்பக விமானத்தையும், சீவக சிந்தாமணியில் விசயை ஏறிச் சென்ற மயிற்பொறியையும் அறியாதார் யார்? ஆயினும், இக்கால அறிவியலோடு இயைத்து, மனிதர் விண்கலமேறி வேறொரு கோளுக்குச் செல்லுங் கதையைத் தமிழ்த் திரைக்குக் கொணர்ந்த முன்னோடி, 1963ஆம் ஆண்டு ஏப்பிரலில் வெளிவந்த ‘கலை அரசி’ எனலாம். அதற்கு ஈராண்டு முன்னரே யூரி ககாரின் பூமியை வலம்வந்து, அவ்வாண்டு டிசம்பரில் நம் இலங்கைக்கும் வந்து சென்றிருந்தார். மனிதன் சந்திரனிற் கால்வைக்க இன்னும் ஆறாண்டுகள் இருந்தன.

ஏ. காசிலிங்கம் நெறிப்படுத்திய இப்படத்தின் கதை சுருங்கக் கூறின் இதுவே: அறிவியலில் நம்மினும் பன்மடங்கு முன்னேறிய ஒரு கோளிலே கலை வளரவில்லை. அக்குறையை நீக்கக் கருதிய அவ்வுலகத்தார் பூமிக்கு வந்து, கலையில் வல்ல வாணி என்னும் நங்கையைக் கவர்ந்து செல்கின்றனர். அவளை நேசிக்கும் மோகன் தானும் அங்குச் சென்று, தன்னை உருவொத்த அவ்வுலக விகடன் ஒருவனைப்போல் நடித்து, அவளை மீட்க முயல்கிறான். வாணியாகப் பி. பானுமதியும் மோகனாக எம். ஜி. இராமச்சந்திரனும் தோன்றுகின்றனர். (நாவலப்பிட்டியிற் பிறந்த எம். ஜி. ஆர். மலைநாட்டு மக்களுக்கு என்றும் ‘நம்மவர்’. அவர் வேற்றுலகஞ் சென்றதையும் நம் மக்கள் வியப்பின்றியே ஏற்றிருப்பர்!)

இப்படத்தின் தலையாய சிறப்பு அதன் கருவிலேயே உள்ளது. எச். ஜி. வெல்ஸின் நாவலைத் தழுவி 1953இல் அமெரிக்கர் எடுத்த படத்தில், வேற்றுக் கோளினர் பூமியை அழிக்கவே வருகின்றனர். நம் படத்திலோ அவர்கள் ஓர் இசையாசிரியையைத் தேடி வருகின்றனர். இயந்திரம் நிறைந்து இசை குறைந்த உலகம் வறிய உலகமே என்னும் எண்ணத்தை, விண்வெளிப் போட்டி உச்சத்திலிருந்த நாளிலே ஒரு பொழுதுபோக்குப் படம் துணிந்து கூறியது சிறிய செயலன்று. தம் குரலிலேயே பாட வல்ல பானுமதியை அப்பாத்திரத்திற்குத் தெரிந்தெடுத்ததும் பொருத்தமே.

இருபதாண்டு கழித்து, 1983இல், ஜோர்ஜ் லூக்காஸின் ‘நட்சத்திரப் போர்’ முப்படத் தொடரின் இறுதிப் படமாகிய ‘ரிட்டர்ன் ஒஃப் த ஜெடாய்’ இதற்கு அணித்தான கனவையே கண்டது. அங்கே பேரரசின் போர்ப் பொறிகளைக் காட்டுவாசிகள் மரத்தாலும் கல்லாலும் சாய்க்கின்றனர். முதற்படத்தில் அழித்த கோட்டையைப் போன்றதொன்றையே மீண்டும் எழுப்பி மீண்டும் அழிப்பது அப்படத்தின் கற்பனை வறட்சி. ஆயினும் தந்தையும் மகனும் எதிர்நிற்கும் இறுதிக்கட்டம் அதனைக் காக்கிறது.

கலை அரசியின் வறட்சி வேறு வகையது. விண்கலம் ஒன்றே புதிது. இறங்கிய பின் நாம் காண்பது பழைய அரச கதைகளின் அரண்மனையே. இளவரசியும் உளர், விகடனும் உளன். வாணியை ஒத்த வள்ளி, மோகனை ஒத்த விகடன் என இரட்டை வேடங்கள் இரண்டு சேர்ந்து ஆள்மாறாட்டத்தில் அறிவியல் மறைந்துபோகிறது. அதனினும் பெரிய குறை ஒன்றுண்டு. கலையை வலிந்து கவர்ந்து செல்ல இயலுமா என்ற அரிய வினாவை எழுப்பிய கதை, காதலும் சண்டையும் வந்ததும் அதனைக் கைவிட்டுவிடுகிறது.

அவ்வினாவுக்குச் சப்ரகமுவத் தோட்டங்களில் வாழும் நம்மிடம் ஒரு விடை உண்டு. இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களின் றப்பர், தேயிலைத் தோட்டங்களுக்கு நம் முன்னோரைக் கொணர்ந்தோர் அவர்தம் கைகளையே வேண்டினர். அவர்தம் பாட்டை எவரும் வேண்டவில்லை. வேண்டாதிருந்தும் காமன் கூத்தும் அருச்சுனன் தபசும் பொன்னர் சங்கரும் அவர்களோடு கடல்கடந்து வந்தன. தப்படிப்போனும் வேடம் புனைவோனும் எவ்விடத்தில் அழவேண்டுமென்றறிந்த கிழவியும் ஒருங்கே வந்தமையாலேதான் மாசி மாதத்தில் லயத்து முற்றத்திலே காமனை ஊன்ற முடிந்தது. வாணியோ தனியளாய்ச் சென்றவள். தாளம் அறியாத ஊரில் அவள் யாருக்குப் பாடுவாள்? கேட்கவே பயிலாதோர் முன் பாடும் ஒருத்தியின் துயரம் நல்ல கலைஞர் கையில் எத்துணைப் பெரிய காட்சியாகியிருக்கும்!

மீட்சியையும் படம் எளிதாகவே எண்ணுகிறது. தம் மண் எதுவென்ற ஐயம் வாணிக்கோ மோகனுக்கோ எழுவதில்லை. படம் வெளிவந்த மறு ஆண்டு அக்டோபரிலே கைச்சாத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம், நம்மவருள் 525,000 பேரை இந்தியா ஏற்பதென்றும் 300,000 பேருக்கு இலங்கைக் குடியுரிமை வழங்குவதென்றும் வகுத்தது. எஞ்சிய 150,000 பேரின் நிலை 1974 வரை முடிவின்றிக் கிடந்தது. அக்காலத்தே தோட்டத்து மக்கள் இப்படத்தைக் கண்டிருப்பின், ‘ஊர் திரும்புதல்’ என்பதை எவ்வாறு பொருள்கொண்டனரோ!

அண்மையில் என் மாணவர் சிலருடன் இப்படத்தைப் பார்த்தேன். விண்கலத்தைக் கண்டு வாய்விட்டுச் சிரித்தனர். முடிவில் ஒரு மாணவி, “சேர், வாணி திரும்பி வந்துவிட்டால் அங்கே இனி யார் பாடுவார்கள்?” என்று கேட்டாள். உடனே விடைகூற எனக்கு இயலவில்லை. மறுநாள் இறுதிப் பகுதியை மீண்டும் போட்டுப் பார்த்தோம்.