டில்லிக் குளிரும் இட்லி மாவும்

தலைநகருக்குப் புதிதாகக் குடிவரும் தமிழ்க் குடும்பங்களுக்கு முதல் குளிர்காலம் தரும் ஏமாற்றம் இட்லி. அக்டோபர் வரை பூப்போல வந்த இட்லி, டிசம்பர் பிறந்ததும் கல்லாகிவிடுகிறது. அரிசி சரியில்லை, கிரைண்டர் சரியில்லை என்று பழி போட்டுப் பார்த்துவிட்டு, கடைசியில் ஒரு சிட்டிகை சமையல் சோடாவைத் தஞ்சமடைகிறோம். சோடா போட்டால் இட்லி உப்பும், மறுப்பதற்கில்லை. ஆனால் மாவு புளித்தால் வரும் மணமும் ருசியும் அதில் வரவே வராது.

மாவைப் பொங்க வைப்பவை கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள். அவற்றுள் முக்கியமானது லூகோநாஸ்டாக் என்ற வகை. இவை வெளியிலிருந்து வர வேண்டியதில்லை. உளுந்தோடு ஒட்டிக்கொண்டே வருகின்றன. ஆகவே உளுந்தை ஊற வைக்கும் முன்பே நன்றாகக் கழுவிவிட வேண்டும். ஊறிய பிறகு மறுபடி மறுபடி அலசாமல், ஊறிய தண்ணீரையே விட்டு அரைப்பது நல்லது. நுண்ணுயிர்கள் வெளிவிடும் கரியமில வாயுவைக் குமிழிகளாகப் பிடித்து வைப்பது உளுந்தின் பசை. அந்தப் பசை சரியாக வந்ததா என்று அறிய, அரைத்த உளுந்தில் ஒரு துளி எடுத்துத் தண்ணீரில் போடுங்கள். மிதந்தால் சரி, மூழ்கினால் இன்னும் சற்று அரைக்க வேண்டும்.

இந்த நுண்ணுயிர்கள் சுறுசுறுப்பாக வேலை செய்வது சுமார் 27 முதல் 32 டிகிரி வெப்பத்தில். சென்னையில் ஆண்டின் பெரும்பகுதி இது தானாகவே அமைந்துவிடுகிறது. டில்லியிலோ ஜனவரி இரவுகளில் வெளியே சராசரி 7, 8 டிகிரிதான். சமையலறை அதைவிடச் சற்றுக் கதகதப்பாக இருந்தாலும் மாவுக்குப் போதாது.

நான் வந்த முதல் வருடம் பக்கத்து வீட்டுப் பஞ்சாபி அம்மாள் ஒரு யோசனை சொன்னார். அவர் குளிர்காலத்தில் தயிர் உறை ஊற்றி, பாத்திரத்தைக் கோதுமை மாவு டிரம்முக்குள் புதைத்து வைப்பார். காலையில் கத்தியால் வெட்டுகிற மாதிரி தயிர் இருக்கும். பொங்கலன்று காலை எட்டுப் பேரைச் சாப்பிட அழைத்திருந்தேன். முதல் நாள் இரவு இட்லி மாவை அதே போல் டிரம்முக்குள் வைத்து, மேலே ரஜாயையும் போர்த்திவிட்டுப் படுத்தேன். காலையில் பார்த்தால் மாவு வைத்த அளவிலேயே அசையாமல் இருந்தது!

காரணம் பிறகுதான் புரிந்தது. ரஜாய் சூடு தராது, இருக்கிற சூட்டைக் காப்பாற்றும். அந்த அம்மாள் வெதுவெதுப்பான பாலை உள்ளே வைத்தார். நான் குழாய்த் தண்ணீரில் அரைத்த சில்லிட்ட மாவை வைத்தேன். ஜில்லிப்பையும் ரஜாய் பத்திரமாகக் காப்பாற்றிவிட்டது.

ஆகவே முதலில் மாவைச் சூடாக்க வேண்டும், பிறகுதான் மூட வேண்டும். கடைசிச் சுற்றில் அரிசிக்கு வெதுவெதுப்பான தண்ணீர் விட்டு அரையுங்கள். கை பொறுக்கும் சூடு போதும். அதற்கு மேல் போனால் நுண்ணுயிர்கள் செத்துவிடும். பாத்திரத்தில் பாதிக்கு மேல் மாவு வேண்டாம். ஒரு பெரிய அடுக்கில் வெந்நீர் ஊற்றி, அதில் மாவுப் பாத்திரத்தை இறக்கி, மூடி, கம்பளி சுற்றி வையுங்கள். படுக்கப் போகுமுன் ஒரு முறை வெந்நீரை மாற்றினால் உத்தமம். மைக்ரோவேவ் உள்ளவர்கள் அதை இயக்காமல், உள்ளே ஒரு பாத்திரம் வெந்நீரோடு மாவை வைத்துக் கதவைச் சாத்தலாம். ஓவன் விளக்கைப் போட்டு வைப்பதும் உண்டு. அது பழைய குண்டு பல்பாக இருந்தால்தான் பலன், எல்.இ.டி. விளக்கில் சூடே இராது.

நேரத்தையும் மாற்றிக்கொள்ள வேண்டும். ஊரில் இரவு எட்டு மணிக்கு அரைத்துக் காலை ஆறுக்கு ஊற்றுவோம். இங்கே ஜனவரியில் பதினான்கு, பதினாறு மணி நேரமாவது ஆகும். முற்பகலிலேயே அரைத்து, பால்கனியில் வெயில் இருக்கும் மட்டும் மாவை அங்கே வைத்து, பொழுது சாய்ந்ததும் உள்ளே எடுத்து மூடுவது என் வழக்கம். உப்பு புளிப்பதைச் சற்றுத் தாமதப்படுத்துமாதலால், குளிர்காலத்தில் மட்டும் பொங்கிய பிறகு சேர்க்கிறேன். மே மாதத்தில் நேர் எதிர்: ஐஸ் தண்ணீரில் அரைத்து, முதலிலேயே உப்புப் போட்டாலும் ஐந்தாறு மணி நேரத்தில் பொங்கி வழிந்துவிடும்.

அளவு: மூன்று அல்லது நான்கு பங்கு புழுங்கலரிசிக்கு ஒரு பங்கு உளுந்து, அரை ஸ்பூன் வெந்தயம். குளிரில் நான் மூன்றுக்கு ஒன்றுதான் போடுகிறேன். இட்லி அரிசி கிடைக்காத பேட்டைகளில் ‘உஸ்னா சாவல்’ என்று கேளுங்கள். பீகார், வங்காளத்துக்காரர்கள் வாங்கும் புழுங்கலரிசி அதுதான். உடைத்த உளுந்தைவிடத் தோல் நீக்கிய முழு உளுந்து நன்றாகக் காணும். பழைய உளுந்து என்ன செய்தாலும் நுரைக்காது.

இவ்வளவுக்குப் பிறகும் மாவு பொங்கவில்லை என்றால் கொட்டிவிடாதீர்கள், சோடாவும் வேண்டாம். அந்தப் பொங்கலன்று நான் செய்தது இதுதான்: மாவில் வெங்காயம், பச்சை மிளகாய், இஞ்சி, கொத்துமல்லி பொடியாக நறுக்கிப் போட்டு, ஒரு கரண்டி தயிர் விட்டுக் கலக்கி, கனமான ஊத்தப்பமாக வார்த்து, மூடி போட்டு மெதுவான தணலில் வேகவிட்டேன். எட்டுப் பேரும் இரண்டாவது கேட்டார்கள். இட்லி என்று சொல்லி அழைத்தது யாருக்கும் நினைவில்லை, பஞ்சாபி அம்மாளைத் தவிர.