ஞாயிற்றுக்கிழமை கடை இல்லை

சிங்கப்பூரில் நள்ளிரவில் பால் தீர்ந்துபோனாலும் அருகிலேயே ஏதாவது ஒரு கடை திறந்திருக்கும். அப்படிப் பழகியவர்கள் ஜெர்மனிக்குக் குடிபெயர்ந்தால், முதல் ஞாயிற்றுக்கிழமையே திகைத்துப்போவார்கள். அன்று உணவகங்கள் இயங்கும். ஆனால், பேரங்காடிகள் மூடியிருக்கும். வீட்டில் அரிசி இல்லையென்றால், பெரிய இரயில் நிலையத்திலுள்ள கடையைத்தான் தேடிப் போக வேண்டும். குடியிருப்புப் பகுதிகளில் புல்வெட்டும் இயந்திரத்தைக்கூட அன்று இயக்கக்கூடாது.

இதைச் சோம்பல் என்று நினைப்பது தவறு. 1919ஆம் ஆண்டின் அரசமைப்புச் சட்டம், ஞாயிற்றுக்கிழமையை உழைப்பிலிருந்து ஓய்வுபெறும் நாளாகப் பாதுகாத்தது. 1949இல் வந்த இன்றைய அரசமைப்புச் சட்டமும் அவ்விதியை ஏற்றுக்கொண்டது. பின்னர், கிறிஸ்துமஸுக்கு முந்திய நான்கு ஞாயிற்றுக்கிழமைகளிலும் கடைகளைத் திறக்க பெர்லின் மாநிலம் அனுமதித்தது. தேவாலயங்கள் வழக்குத் தொடுத்தன. 2009இல் நீதிமன்றம் அந்த அனுமதி செல்லாது என்று தீர்ப்பளித்தது. வாங்குபவரின் வசதியைவிடக் கடை ஊழியரின் ஓய்வு பெரிதாகக் கருதப்பட்டது.

புதிதாக வந்தவர்களுக்கு இது முதலில் எரிச்சலூட்டும். பிறகு, அவர்களும் சனிக்கிழமையே பையை எடுத்துக்கொண்டு புறப்பட்டுவிடுவார்கள். அன்று பேரங்காடியில் வரிசை மட்டும் சற்று நீளமாக இருக்கும்!